உலர் எடைப்படி

செவ்வாய்க்கிழமை வந்தது பழுப்புக் காகிதப் பை.
மாதிரி எண் 4471. சிந்தியானா, கென்டக்கி.
விவசாயி: லாயல் ஸ்டாம்பர்.
பதினோரு ஏக்கர் சணல்.
நோக்கம் என்ற கட்டத்தில்
பேனா அழுந்தி அவர் கையெழுத்து:
நார். நார் மட்டும்.

நோக்கத்தை அளக்க என்னிடம் கருவி இல்லை.
பையில் இருப்பது பூ.
உச்சியில் ஒரு சாண் கிள்ளி வரச் சொல்கிறது விதி.
ஆளுயரத்தைத் தாண்டிய தண்டு
வயலிலேயே நின்றுகொண்டது,
தன் வழக்குக்குத் தானே அழைக்கப்படாமல்.

உலர்த்தினேன், அரைத்தேன், சலித்தேன்.
மெத்தனாலில் போட்டுக் குலுக்கினேன்.
கருவி பன்னிரண்டு நிமிடம் யோசித்து
திரையில் ஒரு மேடு வரைந்தது.
0.38.
கூடவோ குறையவோ 0.06.

சட்டத்தின் கோடு 0.3.
பிழைக்கு இடம் விட்டுக் கழித்தாலும் 0.32.
நூறு கிராம் சருகில் இருபது மில்லிகிராம் கூடுதல்;
ஒரு சிட்டிகை உப்பை இருபது பேருக்குப் பங்கிட்டால்
ஒருவர் பங்கு.
நூலிழையில் தவறியது
நூலுக்கென்றே விதைத்தது.

ஆகஸ்டில் அந்தப் பக்கம் மழை இல்லை.
பத்து நாள் முன்பு கிள்ளியிருந்தால்
இதே செடி சணல்.
இன்று அதே வேரில், அதே மண்ணில், கஞ்சா.
நடுவில் அது செய்த குற்றம்
வெயிலில் நின்றது.

தமிழிலும் இந்தத் தகராறு உண்டு.
சணல் என்றால் நமக்குக் கோணிப்பை,
மளிகைக்கடையில் பொட்டலம் கட்டும் சுருள்.
அது வேறு செடி.
இந்தச் செடிக்கு நம்மிடம் இருந்தது ஒரே சொல்,
குரலைத் தாழ்த்திச் சொல்வது.
"அமெரிக்காவில் உனக்கு என்னதான் வேலை?" என்றாள் அண்ணி.
"சணல் சோதிக்கிறேன்."
"சாக்கையா?"
"ஆமாம்."
பொய் என்று சொல்ல முடியாது. வரையறை.

வியாழனன்று ஸ்டாம்பரே தொலைபேசியில் வந்தார்.
அறிக்கைதான் பேச வேண்டும், நான் பேசக் கூடாது.
எடுத்துவிட்டேன்.
"என் தண்டில் எவ்வளவு, மேடம்?"
"தண்டைச் சோதிக்கவில்லை."
"நான் விற்கப் போவது அதைத்தானே."
"தெரியும்."
அவருக்குப் பின்னால் ஒரு டிராக்டர்
அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது.
கொஞ்ச நேரம் இருவரும் அதைக் கேட்டோம்.

பூவோடு சேர்ந்தால் நாரும் மணக்கும் என்பது
நான் படித்து வந்த பாடம்.
இங்கே பூவோடு சேர்ந்தால்
நாரும் குற்றவாளி.

அடுத்த மாதம் ஃபிராங்ஃபர்ட்டில் கூட்டம்.
பொதுமக்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம்.
எழுதி வைத்தேன்:
ஐயா, கோடே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.
கோட்டினால்தான் எனக்குச் சம்பளம்.
பூவை விற்பவருக்குப் பூவில் அளவு வையுங்கள்,
கடுமையாகவே வையுங்கள்.
நாரை விற்பவருக்கு நாரில்,
விதையை விற்பவருக்கு எண்ணெயில்.
வயலிடம் எதற்கு என்று கேளுங்கள்.
எவ்வளவு என்பதை
ஆலை வாசலில் கேட்டுக்கொள்ளலாம்.

எழுதிய கையோடு
கடைசி மூன்று வரியை நானே அடித்தேன்.
போன வாரம் 4398 வந்திருந்தது.
அதிலும் நோக்கம்: நார்.
அளந்தால் 11.2.
கையெழுத்து ஸ்டாம்பருடையதைவிட அழகு.

அடித்ததன் கீழே மறுபடி அதையே எழுதினேன்.
ஒருவன் பொய்க்காகப் பதினோரு ஏக்கரை
உழுது புதைக்க முடியாது.
இரண்டு தடவையும் என் கை நடுங்கவில்லை,
அதுதான் எனக்குப் பயம்.

அறிக்கையில் இரண்டே கட்டம்.
தேர்ச்சி. தோல்வி.
இரண்டாவதில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டேன்:
மங்கையற்கரசி, முழுதாக,
கட்டத்தைத் தாண்டி வழிய.

பையின் வாயைக் கட்டி வந்த கயிறு
அவருடைய போன வருடத்துச் செடி.
அதை வெட்டாமல் முடிச்சு அவிழ்த்தேன்.
எண் இல்லாததைச் சோதிக்க அனுமதி இல்லை.
ஆள் இல்லாத நேரம் பார்த்து
இரு முனையையும் கையில் சுற்றி
இழுத்தேன்.
அறவில்லை.